பூஜையில் வெச்ச கை

கோயமுத்தூருக்கு வடக்கால, சத்தி ரோட்டை விட்டு உள்ள திரும்பி மூணு வேகத்தடை தாண்டுனா, தண்ணி மோட்டார் செய்யற கம்பெனி ஒண்ணு வரும், பேரைச் சொல்ல மாட்டேன், சொன்னா நாளைக்கே வக்கீல் நோட்டீசு வூட்டு வாசல்ல வந்து நிக்கும், அந்தக் கம்பெனியோட வைண்டிங் செக்சன்ல பதினெட்டு வருசமா செம்புக் கம்பி கட்டுன வசந்தாமணி நானுங்க. எனக்கு வாய் நீளம்னு செக்சன்ல எல்லாரும் சொல்லுவாங்க, சொல்லட்டும், வாயாவது நீளமா இருக்கட்டும். எங்க வேலை என்னன்னா, மோட்டாருக்குள்ள ஒரு இரும்பு வளையம் இருக்கும், அதுக்குள்ள சுத்தியும் பள்ளம் பள்ளமா வெட்டியிருக்கும், செம்புக் கம்பிக் கத்தையை அந்தப் பள்ளத்துக்குள்ள கட்டைவிரலால அமுக்கி அமுக்கி, ஒரு இழைகூடத் தோல் உரியாம உக்கார வெக்கோணும். அமுக்கறது என்னவோ கட்டைவிரல்தான், ஆனா அந்த அமுக்கு முழங்கை ஏறி, தோள்பட்டை ஏறி, கடைசியில பின்கழுத்துப் பொடனியில போயி உக்காந்துக்கும்.

போன தை மாசம் நாலு இயந்திரக் கை வந்து எறங்குச்சு. ரோபோன்னாங்க. தலை இல்ல, வயிறு இல்ல, கால் இல்ல, மஞ்சக் கலர்ல வெறும் கை மட்டும் தரையில இருந்து முளைச்சு நின்னுச்சு. "வயிறே இல்லாததுக்கு எதுக்குடி வேலை?"ன்னு சம்பூர்ணம் கேட்டா, அவ என்ற பக்கத்து பெஞ்சுக்காரி. சின்ன முதலாளி மைக்குல பேசுனாரு: யாரையும் வேலையை விட்டு அனுப்ப மாட்டோம், நீங்கதான் இதுகளுக்குக் குரு, சொல்லிக் குடுங்கன்னாரு, ஆளுக்கு ஒரு மைசூர்பா பாக்கெட்டும் குடுத்தாங்க. கிருஷ்ணவேணி, நானு, சம்பூர்ணம், ஸ்டெல்லான்னு நாலு பேரைப் பொறுக்கி எடுத்து, கையில கறுப்பு உறை மாட்டி, அதுல ஒயரு தொங்கவிட்டு, ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளு, நாங்க கம்பி கட்டக் கட்ட அந்தக் கைக பாத்துப் படிச்சுதுக. ஒண்ணாங் கை கிருஷ்ணவேணி கிட்ட, ரெண்டாங் கை என்ற கிட்ட, மூணாங் கை சம்பூர்ணத்துகிட்ட, நாலாங் கை ஸ்டெல்லா கிட்ட.

நல்லாத்தான் படிச்சுதுக. வேண்டியதோட வேண்டாததையும் சேத்துப் படிச்சுதுக. எனக்குக் குனிஞ்சு வேலை செய்யறப்ப மூக்குக் கண்ணாடி நழுவும், புறங்கையால மேல தள்ளிக்குவேன். ரெண்டாங் கையும் பத்து நிமிசத்துக்கு ஒருக்கா, மூஞ்சியே இல்லாத எடத்துல, இல்லாத கண்ணாடியை மேல தள்ளுச்சு. ஸ்டெல்லா ஒவ்வொரு வளையத்தையும் எடுக்கறப்ப சிலுவை போட்டுக்குவா, நாலாங் கையும் பயபக்தியாச் சிலுவை போட்டுச்சு. கைகளைப் பாத்துக்கற இஞ்சினியர் தினகர் தம்பி லேப்டாப்பை மடியில வெச்சுக்கிட்டு மூணு நாள் தட்டிப் பாத்துச்சு, அந்தப் பழக்கத்தை மட்டும் அழிக்க முடியல. பக்கத்துக் கம்பெனிக்காரங்க இதை வேடிக்கை பாக்கறக்குன்னே டீ டைமுக்கு வருவாங்க.

பங்குனியில கைகளை வேலைக்கு விட்டாங்க, எங்களை அட்டைப்பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டப் போட்டாங்க. மொத நாளு, பொய் சொல்லக் கூடாது, சந்தோசமாத்தான் இருந்துச்சு. நோகாம நோம்பி கும்பிடறதுன்னு சொல்லுவாங்களே, அதாட்ட உக்காந்து ஒட்டிக்கிட்டு இருந்தோம். சாயங்காலம் பஸ்ஸுல ஏறிக் கம்பியைப் புடிச்சேன் பாருங்க, தோள்பட்டையில இருந்து கட்டைவிரல் நுனி வரைக்கும் விண்ணுன்னு இழுத்துச்சு. எனக்குத் தெரியாத வலியா அது? நாப்பது மோட்டார் கட்டுன நாளோட வலி எப்படி இருக்கும், அறுபது கட்டுன நாளோட வலி எப்படி இருக்கும்னு பதினெட்டு வருசமா மனப்பாடம். இது நூத்தி இருபது மோட்டார் கட்டுன வலி. பஸ்ஸுல முன்னால கிருஷ்ணவேணி கையைப் புடிச்சுக்கிட்டு நிக்கறா, பின்னால சம்பூர்ணம் நிக்கறா, ஸ்டெல்லாவுக்குப் பாவம் பாத்து யாரோ சீட்டு குடுத்திருக்காங்க. அடுத்த நாள் தினகர் தம்பியக் கேட்டேன், நேத்து ரெண்டாங் கை எத்தனை கட்டுச்சு கண்ணுன்னு. "நூத்தி இருபதுங்கக்கா"ன்னு பெருமையாச் சொல்லுச்சு.

ஆக வேலையை அது வாங்கிக்கிச்சு, வலியை வாங்கிக்கல.

இதைக் கேட்டு யாராவது வாயப் பொளந்தாங்களான்னா, இல்லீங்க. என்ற வூட்டுக்காரரு சென்னியப்பன், லேத்துப் பட்டறையில இருக்கறவரு, ராத்திரிச் சோத்தைப் போட்டுத் திங்கச் சொன்னதுக்கு, "ஏம்புள்ள, மெசினு வேலை செஞ்சா உனக்கென்ன நோவு, எந்திரிச்சு வந்து போடு"ன்னாரு. எருது நோவு காக்கைக்குத் தெரியுமா? டாக்டரம்மா என்ற கையை மடக்கிப் பாத்து, நீட்டிப் பாத்து, கைக்கு ரெஸ்டு குடுங்கன்னாங்க. எந்தக் கைக்குங்கன்னு கேட்டேன். விசயத்தைச் சொன்னதும் ஆமா, அதுவும் சரிதான்னு தலையாட்டி, ரெண்டாம் நம்பர் கைக்கு மூணு நாள் ஓய்வு தரவும்னு சீட்டே எழுதிக் குடுத்தாங்க. தினகர் தம்பி அந்தச் சீட்டை வாங்கி பத்திரமா பைலுல வெச்சுக்கிட்டு, "மெசினுக்கு மெடிக்கல் லீவு போடற ரூலு நம்ம கம்பெனியில இல்லீங்கக்கா"ன்னுச்சு.

அப்பறம் எங்க தெருவே அதுக்குத் தகுந்தாப்புல மாறிக்கிச்சு. கைகளுக்கு மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை எண்ணெய் மாத்தறக்காக நாலு மணி நேரம் நிறுத்துவாங்க, அந்த நாலு மணி நேரத்துலதான் எங்க நாலு வூட்டுலயும் மாவாட்டறது, தலைக்கு ஊத்தறது, போர்வை தொவைக்கறது, வூட்டுக்கு வர்ற ஒறம்பரைக்குக் கறிச்சோறு ஆக்கறது எல்லாம். மருந்துக்கடைக்காரரு தைலத்தை வாசப்படியிலயே அடுக்கி வெச்சு, "இந்த வாரம் மூணு சிப்டாமே, ரெண்டு பாட்டிலாப் போட்டுடட்டுங்களா?"ன்னு அவராவே கேப்பாரு. சம்பூர்ணத்து மகளுக்கு நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிச்ச சோசியரு, ராகு காலம் எமகண்டம் எல்லாம் பாத்துப்போட்டு, மூணாங் கைக்கு சர்வீஸு எப்பன்னு கேட்டு அதையும் காயிதத்து ஓரத்துல எழுதிக்கிட்டாரு, பொண்ணைப் பெத்தவ தாம்பாளத்தை ரெண்டு கையால தூக்கோணுமில்லீங்களா. யாருக்கும் இது அதிசயமாவே படல, எங்களுக்கும் அதிசயமாப் படல, வேசடையா, சலிப்பா இருந்துச்சு, அவ்வளவுதான்.

வேசடைக்கு மேல வேசடையா இன்னொண்ணு வந்துச்சு. ஒரு நாள் ஸ்டிக்கர் ஒட்டறப்ப என்ற மணிக்கட்டு மளுக்குன்னுச்சு, அன்னைக்கு மத்தியானமே ரெண்டாங் கையோட மணிக்கட்டு இறுகி நின்னு போச்சு. தினகர் தம்பிக்கு மூளை வேலை செஞ்சுருச்சு. அடுத்த நாள்ல இருந்து எட்டு மணிக்கு நாலு பேரையும் நாலு சேர்ல உக்கார வெச்சு, எங்கெங்க வலிக்குது, குத்தறாப்புலயா, இழுக்கறாப்புலயா, ஒண்ணுல இருந்து பத்துக்குள்ள எத்தனைன்னு கேட்டு எழுத ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கு முழங்கைன்னா அதுக்கு முழங்கையில கிரீஸு, எனக்குத் தோளுன்னா அதுக்குத் தோள்ல புது பேரிங்கு. "ஏன் தம்பி, எனக்கு வலிச்சா அதுக்குக் கிரீஸு, செரி, எனக்கு என்ன?"ன்னு கேட்டேன். "உங்களுக்குத் தேங்க்ஸுங்கக்கா"ன்னுச்சு. கிரீஸு போட்ட அன்னைக்கு அது இன்னும் வேகமா ஓடும், எனக்கு இன்னும் வலிக்கும். சங்கத்துக்காரங்க மனு எழுதிக் கொண்டுபோயிக் குடுத்தாங்க, வேலையே செய்யாதவங்களுக்கு வேலையால வலி வர்றதுக்குச் சட்டத்துல எடமில்லன்னு பதில் வந்துச்சு, அந்தப் பதிலையும் அழகா நோட்டீசு போர்டுல ஒட்டுனாங்க.

புரட்டாசியில வடக்க இருந்து பெரிய ஆர்டரு ஒண்ணு வந்துச்சு. சின்ன முதலாளி வேகத்தை ரெட்டிப்பாக்கிப் பாக்கலாம்னு மொதல்ல ஒண்ணாங் கையில மட்டும் ஏத்துனாரு. அது கிருஷ்ணவேணியோட கை. முப்பத்திரெண்டு வயசு, ஸ்கூட்டியில ரெண்டு புள்ளைகளை முன்னயும் பின்னயும் வெச்சுக்கிட்டு பறக்கற பொம்பளை. எட்டு நாள் ஓட்டுனாங்க. எட்டு நாளும் அவ பல்லைக் கடிச்சுக்கிட்டு ஸ்டிக்கர் ஒட்டுனா, ஒன்பதாம் நாள் சோத்துப் போசி கையில இருந்து விழுந்துச்சு, அவ குனிஞ்சு எடுக்கப் பாக்கறா, கை வர மாட்டீங்குது. தொவைச்சு கொடியில போட்ட துணியாட்ட வலது கை தொங்குது. "வலி நின்னு போச்சுக்கா"ன்னு சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே அழுதா. நானும் அழுதேன், எனக்கு அழுகையோட கெட்ட வார்த்தையும் சேந்துதான் வந்துச்சு.

அவ கை போன அன்னைக்கு ஒண்ணாங் கையாவது நின்னுச்சான்னா, எங்க நின்னுச்சு? முன்னவிட ஜோரா ஓடுச்சு. காலையில வலி கேட்டு எழுதறப்ப கிருஷ்ணவேணி பேருக்கு நேரா சைபர் போட்டாங்க, அந்தச் சைபரைப் பாத்து ஆபீசுல எல்லாருக்கும் சந்தோசம். மத்த மூணையும் இதே வேகத்துல ஆயுத பூஜை அன்னைக்குக் காலையில இருந்து ஓட்டிருங்கன்னு உத்தரவு போட்டுட்டாங்க. நான் நேரா சின்ன முதலாளி ரூம்புக்குப் போனேன். "சின்னய்யா, வேற ஒண்ணும் கேக்கல. நாங்க என்ன வேகத்துல பழக்கிக் குடுத்தமோ அந்த வேகத்துல ஓட்டுங்க. இல்லாட்டி எங்க கையும் போயிரும்"னேன். அவரு தன்மையாத்தான் சொன்னாரு: "அக்கா, உங்களை யாருமே ஓட்டலையே. நீங்க ஸ்டிக்கர்தான ஒட்டறீங்க?"

இந்த எடத்துல எங்க கம்பெனிப் பூஜை மொறையைச் சொல்லிப்போடறேன். நீளமா ஒரு பலகை, மேல மஞ்சத் துணி, அதுல சுத்தியலு, ஸ்பானரு, அரம், திருப்புளின்னு அவங்கவங்க ஆயுதத்தைத் தொடச்சு வெச்சுருவாங்க, பூசாரி ஒவ்வொண்ணுக்கும் சந்தனம் குங்குமம் வெப்பாரு, பெரிய மெசினுகளுக்கும் பொட்டு உண்டு. பொட்டு வெச்சாச்சுன்னா அடுத்த நாள் நல்ல நேரம் வரைக்கும் அதை யாரும் தொடக் கூடாது, ஓட்டக் கூடாது. நல்ல நேரத்துல அவங்கவங்க ஆயுதத்தை அவங்கவங்கதான் எடுக்கோணும், அடுத்தவன் ஆயுதத்தை எடுத்தா ஆகாது. சின்னவரோட அப்பா, பெரிய முதலாளி, இதுல ரொம்பக் கறாரு, பூஜையில வெச்ச கத்திரிக்கோலை எடுத்து பால் பாக்கெட்டை வெட்டிட்டாங்கன்னு சம்சாரத்துகிட்ட மூணு நாள் பேசாதவரு. அதனால சின்ன முதலாளி சுலுவா ஒரு வழி கண்டுபுடிச்சாரு: பொட்டு வெச்சாத்தான நிறுத்தோணும், இந்த வருசம் அந்த நாலு கைக்கும் பொட்டே வேண்டாம்னுட்டாரு. பொட்டு இல்லாட்டிப் பாவமும் இல்லன்னு பெரியவரும் மனசைத் தேத்திக்கிட்டாரு.

பூஜை அன்னைக்கு ஆறு மணிக்கே வேகத்தை ஏத்திட்டாங்க. ஒன்பது மணிக்கு வாழைக்கன்னு கட்டி, பூசணிக்கா வெச்சு, பொரி கடலை படைச்சு, எல்லாரும் புதுச் சேலையும் வேட்டியுமா நிக்கறோம், செவுத்துக்கு அந்தப் பக்கம் கைக நாலும் தடதடன்னு ஓடுது, எனக்குத் தோள்ல ஆணி அடிக்கறாப்புல இருக்குது. ஒரு கைப்பிடி பொரி அள்ளுனேன், விரலு மூடல, பொரி அத்தனையும் தரையில. அடச் சீன்னு ஆயிப்போச்சுங்க. பொரியைக்கூடப் புடிக்க முடியாத கையை வெச்சுக்கிட்டு இன்னும் என்னத்துக்கு மரியாதை பாக்கறதுன்னு, நேராப் போயி பலகைக்கு முன்னால உக்காந்து, சுத்தியலுக்கும் ஸ்பானருக்கும் நடுவுல என்ற வலது கையை நீட்டி வெச்சேன்.

"ஏனுங்க பூசாரி, இதுக்கும் வைங்க."

"இது கையாச்சேம்மா."

"கம்பெனி ஆயுதமுங்க இது. நம்பாட்டி இஞ்சினியரு தம்பியக் கேளுங்க, தெனமும் இதைக் கேட்டுத்தான் அங்க கிரீஸு போடுது."

தினகர் தம்பி தலையைக் குனிஞ்சுக்கிச்சு. பூசாரி பெரிய முதலாளியப் பாத்தாரு. பெரியவரு என்ற மூஞ்சியப் பாத்தாரு, கையைப் பாத்தாரு, வைங்கன்னு தலையாட்டுனாரு. மணிக்கட்டுல சந்தனம் சில்லுன்னு பட்டுச்சு, அதுமேல குங்குமம் வெச்சாரு, செவுத்துக்கு அந்தப் பக்கம் ரெண்டாங் கை கம்பிக் கத்தையைப் புடிச்சபடி பாதியில நின்னுச்சு. ஆணி புடுங்கி எடுத்தாப்புல என்ற தோளு லேசாச்சு. ஏழு மாசம் கழிச்சு அது என்ற தோளா இருந்துச்சு.

சம்பூர்ணம் வந்து கையை வெச்சா, மூணாங் கை நின்னுச்சு. ஸ்டெல்லாவும் வந்து வெச்சா. "சர்ச்சுல ஃபாதர் கேட்டா என்னடி சொல்லுவ?"ன்னு சம்பூர்ணம் கேட்டா. "ஃபாதருக்கும் முட்டி வலி இருக்குது, புரிஞ்சுக்குவாரு"ன்னா. நாலாங் கையும் நின்னுச்சு. கடைசியா கிருஷ்ணவேணி, செத்த வலது கையை இடது கையால தூக்கிக் கொண்டுவந்து, தூங்கற கொழந்தையப் படுக்க வெக்கறாப்புல பலகையில வெச்சா. பூசாரி பொட்டு வெச்சாரு. எல்லாரும் காதைத் தீட்டிக்கிட்டு நிக்கறோம். தடதடதடன்னு ஒண்ணாங் கை ஓடிக்கிட்டே இருக்குது. இன்னொரு தடவை சந்தனத்தைக் கொழச்சு வெச்சாரு, கற்பூரம் காட்டுனாரு, பெரிய முதலாளி கண்ணை மூடிக் கும்பிட்டாரு. அது நிக்கல. அவ கைக்கும் அதுக்கும் இனி ஒட்டுமில்ல ஒறவுமில்ல, எதுக்கு நிக்கும்?

அப்பத்தான் நான் சின்ன முதலாளியப் பாத்தேன். அவரு ஒண்ணாங் கை ஓடற செவுத்துப் பக்கம் பாத்தாரு, பொட்டு வெச்ச எங்க மூணு கையையும் பாத்தாரு. கறிக்கடைக்காரரு ஆட்டு முதுகைத் தட்டிப் பாக்கற பார்வை. எனக்குப் புரிஞ்சது அவருக்கும் புரிஞ்சுபோச்சு: எட்டு நாள் ஓட்டி இந்த மூணு கையையும் சாவடிச்சுட்டா, அப்பறம் எந்தப் பூஜைக்கும் எந்தப் பொட்டுக்கும் எதுவும் நிக்காது.

ராத்திரி முழுக்க நாலு பேரும் கையை எடுக்காம பலகைக்கு முன்னாலயே கெடந்தோம், அடுத்த நாள் நல்ல நேரம் வந்துச்சு. அவங்கவங்க சுத்தியலை, ஸ்பானரைத் தொட்டுக் கும்பிட்டு எடுத்துக்கிட்டுப் போனாங்க. கிருஷ்ணவேணியும் அவ கையை எடுத்துக்கிட்டா, அதை வெச்சு என்ன பிரயோசனம். பலகையில எங்க மூணு கை மட்டும் மிச்சம். "எடுங்கம்மா"ன்னாரு பெரிய முதலாளி. "பழைய வேகத்துலதான் ஓட்டுவோம்னு எழுதிக் குடுங்க, எடுத்துக்கறோம்"னேன். அதுக்குச் சின்ன முதலாளி, "அந்த வேகம் இப்ப சிஸ்டத்துலயே இல்லீங்கக்கா, போன வாரம் அப்டேட்டுல போயிருச்சு"ன்னாரு. "போனதைக் கூட்டியாங்க"ன்னேன். அவரு செக்யூரிட்டியக் கூப்பிட்டு எங்க கையை எடுக்கச் சொன்னாரு. செக்யூரிட்டி வந்தாரு, குங்குமத்தைப் பாத்தாரு, பூட்ஸைக் கழட்டி வெச்சுட்டுக் கும்பிட்டாரு, அப்படியே கேட்டுக்குத் திரும்பிப் போயிட்டாரு. பெரியவரு, "எவனும் அடுத்தவங்க ஆயுதத்தைத் தொடக் கூடாது"ன்னு சேரை இழுத்துப் போட்டு எங்க எதிர்லயே உக்காந்துக்கிட்டாரு, எழுதிக் குடுங்கன்னா மட்டும் மகனைப் பாக்கறாரு.

இன்னைக்கு மூணாவது நாளுங்க. கம்பெனி எங்களைச் சுத்திப் போயி வரப் பழகிருச்சு. ஒண்ணுக்குப் போகோணும்னா லேத்து செக்சன் பொம்பளைக நாலு பேரு பலகையோட எங்களைச் சப்பரமாட்ட நடத்திக் கூட்டிப்போறாங்க. பக்கத்துக் கம்பெனிப் பொம்பளைக எங்களுக்கு முன்னால எலுமிச்சம்பழம் வெச்சுக் கும்பிட்டுட்டு, அவங்க கம்பெனிக்கும் தை மாசம் ரோபோ வருதாம், உறையை மாட்டலாமா வேண்டாமான்னு காதோட காதாக் கேக்கறாங்க. என்ற வூட்டுக்காரரு பட்டறைக்கு லீவு போட்டுட்டு வந்து எனக்கு முதுகு சொறிஞ்சு உட்டாரு. "ஏம்புள்ள, எத்தனை நாளைக்கு?"ன்னாரு. "அவியளைக் கேளுங்க"ன்னேன். அப்பறம் என்ற மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் தொடச்சு மாட்டி உட்டாரு. செவுத்துக்கு அந்தப் பக்கம் ஒண்ணாங் கை மட்டும் தனியா ஓடிக்கிட்டு இருக்குது, லாரிக வரிசையில நிக்குது.

மத்தியானம் கிருஷ்ணவேணி போசியில சாம்பார் சோறு கொண்டுவந்தா. எதிர்ல சம்மணம் போட்டு உக்காந்து, இடது கையால பெசைஞ்சா. எங்க பக்கம் ஒரு வெத்தலைகூட இடது கையால குடுக்க மாட்டோம். பூசாரி மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு.

"அக்கா, இந்தக் கைதான் இருக்குது. தப்பா நெனைச்சுக்காத."

"தப்பு உன்ற மேல இல்ல அம்மிணி. போடு"ன்னு வாயத் தொறந்தேன்.

மொத உருண்டை பாதி என்ற சேலையில விழுந்துச்சு. ரெண்டாவது ஒழுங்கா வாய்க்குள்ள வந்துச்சு. மென்னுக்கிட்டே, உப்பு கம்மின்னேன். "இடது கை அளவு இன்னும் புடிபடலக்கா"ன்னா. "எட்டு நாள்ல புடிபட்டுரும்"னு சொல்லிட்டு நான் நிமுந்து பாத்தா, கண்ணாடி ரூம்புக்குள்ள சின்ன முதலாளி நின்னுக்கிட்டு, அவ பெசையறதையே பாத்துக்கிட்டு இருக்காரு, மேசை மேல, அன்னைக்கு எங்களுக்கு மாட்டிப் படிச்ச அந்தக் கறுப்பு உறை.

"அம்மிணி"ன்னேன், "அந்தக் கையை முந்தானைக்குள்ள மறைச்சுக்கோ."